கதிர் பொறுக்கலா, உஞ்சமா, சிந்துகதிரா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருச்சி, மொழிபெயர்ப்பாளர். திங்கள் காலை

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு வரலாற்று மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இடைக்காலத்திலும் அதற்கு அடுத்த சில நூற்றாண்டுகளிலும் ஐரோப்பிய ஊர்களில் எளிய மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது பொருள். வெள்ளி மாலை அச்சுக்குப் போகவேண்டும். பண்ணையடிமை, கைவினைஞர் குழு, ஊர்ப்பொது அடுப்பு எல்லாம் ஒருவாறு முடிந்தன. ஓர் இடத்தில் மட்டும் மூன்று நாளாக நிற்கிறேன்.

அறுவடை முடிந்து, கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபின், ஊரிலுள்ள ஏழைப் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் வயலில் இறங்குவார்கள். தரையில் சிந்திக் கிடக்கும் கோதுமைக் கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். பல குடும்பங்களுக்குக் குளிர்காலத்து ரொட்டியில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வந்தது. ஆங்கிலத்தில் இதற்குக் 'கிளீனிங்' (gleaning) என்று பெயர். ஒலிபெயர்த்துத் தப்பிக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். தமிழில் அதைப் படிப்பவர் எவரும் ஏழைப் பெண்கள் வயலைத் துப்புரவு செய்தார்கள் என்றே நினைப்பார். ஆகவே சொல் வேண்டும்.

ஒரு சொல் போதாது என்பதுதான் சிக்கல். செயலுக்கு ஒன்று, செய்கிறவருக்கு ஒன்று, சேர்ந்த தானியத்துக்கு ஒன்று, அப்படி எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஒன்று. இவை எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தால் பொருளடைவு போடுகிறவருக்கு வசதி. அத்தியாயத்தில் நாற்பது இடங்களுக்குமேல் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் 'அறுவடைக்குப் பின் வயலில் சிந்திய கதிர்களைச் சேகரித்தல்' என்று நீட்டி எழுதினால் மாணவர் மூச்சு முட்டிப் போவார்.

உதவுங்கள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். திங்கள் நண்பகல்

அம்மா, சொல் இருக்கவே இருக்கிறது. பைபிளில் வரும் ரூத்தின் கதையை ஞாயிறு பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 'கதிர் பொறுக்கினாள்' என்று சொல்லும். கைம்பெண்ணான ரூத் மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, போவாசின் வயலில் அறுப்பவர்களுக்குப் பின்னாலே போய்க் கதிர் பொறுக்குகிறாள். சாயங்காலம் அதைத் தட்டி அடித்துப் பார்த்தால் 'ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை கண்டது' என்று வரும். அந்தக் 'கண்டது' என்ற வினையைக் கவனியுங்கள். எங்கள் தாமிரபரணிக் கரையில் இன்றும் 'இந்தப் பூவுக்கு எத்தனை கோட்டை கண்டது' என்றுதான் கேட்பார்கள்; பூ என்றால் போகம், கோட்டை நெல் அளவை. எபிரேய அளவையை மரக்காலாக்கி, விளைச்சலைக் 'காண' வைத்த அந்த மொழிபெயர்ப்பாளர்கள் களத்துமேட்டில் நின்று கேட்டிருக்கவேண்டும்.

பைபிளில் மோசேயின் சட்டம் வரும் லேவியராகமத்திலும் 'சிந்திக்கிடக்கிற கதிர்களைப் பொறுக்காமலும்' என்று உண்டு. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அவற்றை 'எளியவனுக்கும் பரதேசிக்கும்' விட்டுவிடு என்பது கட்டளை. ஐரோப்பிய ஊர்களில் இந்த வழக்கத்துக்கு நியாயம் சொன்னவர்கள் பலரும் இந்த வசனத்தைக் காட்டினார்கள். ஆகவே தமிழிலும் அதே சொல்லை வைத்தால் இரண்டுக்கும் உள்ள உறவு மாணவருக்குத் தானாகத் தெரியும்.

செயல்: கதிர் பொறுக்கல். ஆள்: கதிர் பொறுக்குவோர். முடிந்தது.

கும்பகோணம், தமிழாசிரியர். திங்கள் மாலை

முடியவில்லை ஐயா. 'பொறுக்கல்' என்று வகுப்பில் சொன்னால் பின்வரிசையில் என்ன ஒலி கேட்கும் என்று முப்பத்தோரு ஆண்டு கரும்பலகைக்கு முன் நின்ற எனக்குத் தெரியும். 'பொறுக்கி' என்பது வசவாகிவிட்டது. அந்தப் பெண்களைப் பற்றிய பாடத்தில் அந்த ஒலி வேண்டாம்.

'சிந்துகதிர்' என்று ஆளுவோம். வினைத்தொகை. சிந்திய கதிர், சிந்துகின்ற கதிர், சிந்தும் கதிர் என முக்காலமும் உள்ளடங்கும். ஊறுகாய், சுடுசோறு போல நாக்கில் நிற்கும். வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது என்பதால் யாரும் 'சிந்துக்கதிர்' என்று எழுதிவிடக் கூடாது. செயலுக்குச் 'சிந்துகதிர் எடுப்பு', ஆளுக்குச் 'சிந்துகதிரர்'. ஒரே வேர். ஒரே குடும்பம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொறுக்கு என்ற வினையைப் பற்றி நீண்ட நாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. மலையாளத்தில் இது 'பெறுக்குக'. லேவியராகமத்தின் இதே இடத்தில் அவர்கள் 'காலா பெறுக்கயும் அருது' என்பார்கள்; காலா என்பது அறுவடைக்குப்பின் எஞ்சிக் கிடப்பது. கன்னடத்தில் 'ஹெக்கு'. அங்கே பகரம் ஹகரமாகும் என்பதைப் பால் 'ஹாலு' ஆனதில் கண்டோம். அப்படியானால் இரு மொழியும் எகரத்தைக் காட்டுகின்றன, தமிழ் மட்டும் ஒகரத்தை. நம் பேச்சில் பிறகு 'பொறகு' ஆகிறது, பெண் 'பொண்ணு' ஆகிறது. இதழெழுத்தை அடுத்த எகரமும் இகரமும் ஒகரமாகக் குவிவது நம் வாயின் இயல்பு. ஆகவே மூலவடிவம் 'பெறுக்கு' என்றும், அது 'பெறு' என்பதன் வழிவந்தது என்றும் நான் கருதுகிறேன். பொறுக்குவது என்றால் பெறுவது! நிலத்திடமிருந்து பெறுவது. மலையாளத்துக் 'காலா'வும் கால், அதாவது தாள், அரிதாள் என்பதோடு உறவுடையதாக இருக்கலாம். அறுத்த தாளுக்கிடையே எடுப்பதல்லவா? விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

திருவையாறு, வடமொழி படித்த ஒருவர். திங்கள் இரவு

கும்பகோணத்து ஆசிரியரின் எகர ஒகர ஆய்வை ரசித்துப் படித்தேன். 'காலா' வரை போயிருக்கவேண்டாம். ஆனால் வேறொரு பழஞ்சொல் நம் கண்முன்னே இருக்கிறது. உஞ்சவிருத்தி.

எங்கள் ஊரில் தியாகராஜ சுவாமி ஆராதனையன்று வீதியில் உஞ்சவிருத்தி போகும். சொம்பைக் கையில் ஏந்தி, பாடிக்கொண்டு, வாசல்தோறும் அரிசி ஏற்பது என்றே இன்று எல்லாரும் அறிவார்கள். உண்மையில் உஞ்சம் என்றால் அறுவடைக்குப்பின் வயலில் உதிர்ந்து கிடக்கும் மணிகளைப் பொறுக்குவது. மனுவில் 'உஞ்சசிலம்' என்று இரண்டு சொல் சேர்ந்து வரும். ஒவ்வொரு மணியாக எடுப்பது உஞ்சம், கதிராக எடுப்பது சிலம் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். பிச்சை எடுப்பதைவிட, பிறரிடம் ஊழியம் செய்வதைவிட இது மேலான பிழைப்பு என்பது அங்கே கருத்து. யாரிடமும் கையேந்தவில்லை, யாருடைய பொருளையும் குறைக்கவில்லை. பாரதத்தில் பாதி உடல் பொன்னான கீரி வேள்வி மண்டபத்தில் வந்து சொல்லும் கதையும் குருட்சேத்திரத்தில் உஞ்சத்தால் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதைதான். வைசேடிகம் என்ற தத்துவத்தை வகுத்த கணாதருக்கும் தானிய மணிகளை, அதாவது கணங்களைப் பொறுக்கி உண்டதால் அப்பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு.

மணிக்கு ஒன்று, கதிருக்கு ஒன்று என்று அளந்து பிரித்த இந்த நுட்பத்தை விட்டுவிடலாமா? 'உஞ்சம்' என்றே வைத்தால் என்ன?

கும்பகோணம். திங்கள் நள்ளிரவு

உஞ்சம் வேண்டாம். வடசொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அதுவும் ஒரு காரணந்தான். வயலில் இருந்த சொல் வாசலுக்கு வந்துவிட்டது என்று நீங்களே சொன்னீர்கள். மாணவர் மனத்தில் தம்புரா ஒலிக்கும். மேலும் உங்கள் உஞ்சம் விரதம். பொருள் வேண்டாமென்று துறந்தவன் தேர்ந்துகொண்ட வாழ்க்கை. ஐரோப்பிய ஊரில் குனிந்து நின்றவளுக்குத் தேர்ந்துகொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. குழந்தைக்குச் சோறு வேண்டும், குனிந்தாள். துறவின் சொல்லை வறுமைக்குச் சூட்டினால் வறுமை புனிதமாகிவிடும்.

எடுத்துக்காட்டு வேண்டுமானால் பெரும்பாணாற்றுப்படைக்குப் போங்கள். வெண்பல் எயிற்றியர், அதாவது வேட்டுவப் பெண்கள், இரும்பு முனை பூட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, புழுதி மேலெல்லாம் படியப் புல்லரிசி சேர்க்கிறார்கள். நில உரலில் பெய்து குற்றுகிறார்கள். அதுதான் இதற்கு அருகில் வரும் காட்சி.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர். செவ்வாய் காலை

எல்லாருக்கும் நன்றி. விரத வேறுபாட்டை ஆசிரியர் ஐயா சொன்னது என் மனத்தில் இருந்த தயக்கத்துக்கு உருவம் கொடுத்தது. உஞ்சத்தை அடிக்குறிப்பில் மட்டும் சொல்வேன்.

ஆனால் 'சிந்துகதிரர்' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தேவாரத்தில் சிவனுக்கு வரும் பெயர்போல இருக்கிறது. 'சிந்துகதிர்' என்றால் ஒளி சிந்தும் ஞாயிறு என்று பாதிப்பேர் கொள்வார்கள்.

செஞ்சி வட்டம், நடுநிலைப்பள்ளி ஆசிரியர். செவ்வாய் காலை

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடித்த கொல்லையில், ஒரு மழை பெய்து மண் இளகியதும், பிள்ளைகளும் பெண்களும் களைக்கொட்டோடு இறங்குவோம். செடியிலிருந்து அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்ட காய்களைக் கிளறி எடுப்போம். அதற்குத் 'தப்புக்காய்' என்று பெயர். கொல்லைக்காரர் தடுக்கமாட்டார். மற்றவர் பிடுங்கி முடிப்பதற்கு முன்னே இறங்கினால்தான் சத்தம் போடுவார். என் தாய் மடியில் கட்டிக்கொண்டு வருவதை முறத்தில் கொட்டி மண் போகப் புடைப்பார். நகக்கண்ணில் செம்மண் ஏறி ஒரு வாரத்துக்குப் போகாது. அந்தக் காய் வேகவைத்தால் தனி ருசி. பாதி முளைவிட்டு இனிப்பேறியிருக்கும்.

அறுத்தவன் கைக்குத் தப்பியது தப்பு. ஆகவே 'தப்புக்கதிர்'. செயலுக்குத் 'தப்பெடுப்பு'. புதிதாகச் செய்யவேண்டியதில்லை, ஊரில் இருக்கிறது. நான் சொல்வது இதுதான்: கலைச்சொல் தேடுகிற நாம் ஏன் எப்போதும் நூலகத்துக்கு ஓடுகிறோம், கொல்லைக்குப் போவதில்லை?

மதுரை, வழக்கறிஞர். செவ்வாய் பிற்பகல்

செஞ்சி ஆசிரியரின் மடல் இதுவரை வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆயினும் 'தப்பு' என்றால் தமிழகத்தின் மற்றப் பகுதிகளில் குற்றம். 'தப்பெடுப்பு' என்று படிக்கும் மதுரை மாணவன் திருட்டு என்று கொள்வான். இந்த வழக்கம் திருட்டா இல்லையா என்பதே வரலாற்றில் பெரிய வழக்காக நடந்தது. ஆகவே சொல்லே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்துச் சட்டத்தைத் தொகுத்த பிளாக்ஸ்டன் 1768-இல் வெளிவந்த தம் மூன்றாம் தொகுதியில், அறுவடைக்குப்பின் ஏழைகள் பிறர் நிலத்தில் இறங்கிக் கதிர் பொறுக்குவது அத்துமீறல் ஆகாது, நாட்டின் பொதுச்சட்டமும் வழக்கமும் அதை அனுமதிக்கின்றன என்று எழுதினார். மோசேயின் சட்டத்திலிருந்து பெற்ற மனிதநேய ஏற்பாடாகத் தோன்றுகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். பாளையங்கோட்டை ஐயா காட்டிய அதே லேவியராகமம். இருபது ஆண்டு சென்றது. சஃபோக் மாவட்டத்தில் டிம்வர்த் என்ற சிற்றூர். மேரி ஹௌட்டன் என்ற பெண் 1787 அறுவடையில் ஸ்டீல் என்பவரின் வயலில் கதிர் பொறுக்கினாள். அவர் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார். 1788-இல் தீர்ப்பு வந்தது. பொதுச்சட்டப்படி அப்படி ஓர் உரிமை எவருக்கும் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மோசேயின் சட்டம் இங்கிலாந்தைக் கட்டுப்படுத்தாது, ஒருவனுக்கு உரிய நிலத்தில் பிறர்க்கு இப்படி உரிமை இருப்பது சொத்துரிமையின் இயல்புக்கே முரண் என்பவை அவர்கள் காட்டிய நியாயங்களில் சில. கூல்டு என்ற நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இப்போது மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் நாலாவது தேவைக்கு வாருங்கள். 'கதிர் பொறுக்கும் உரிமை' என்று எழுதினால் மேரி ஹௌட்டன் பக்கம் தீர்ப்பளித்தோம். 'சலுகை' என்றால் ஸ்டீல் பக்கம். 'வழக்கு' என்பது தொன்மையான நல்ல சொல், ஆனால் இங்கே 'கதிர் பொறுக்கு வழக்கு' என்றால் வழக்கமா, நீதிமன்றத்து வழக்கா? இந்தப் பத்தியில் இரண்டும் வருகின்றன. என் மனம் மேரி ஹௌட்டன் பக்கந்தான். ஆனால் பாடநூலின் தலைப்புச்சொல் அவளுக்கு வக்கீலாக நிற்கக் கூடாது. நடந்ததை மாணவர் படித்து அவரே முடிவு செய்யட்டும்.

மட்டக்களப்பு, நூலகர். செவ்வாய் இரவு

மதுரை ஐயாவின் சிக்கலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சொல் அன்றாடம் புழங்குகிறது: வழமை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707-இல் எழுத்தில் தொகுத்தார்கள். இன்றும் அது நீதிமன்றத்தில் செல்லும் சட்டம். ஆகவே வழமை என்ற சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. ஊரில் காலங்காலமாக நடப்பது, வேண்டும்போது நீதிமன்றமும் ஏற்கக்கூடியது. ஏற்றதா இல்லையா என்பதைச் சொல் முன்கூட்டிச் சொல்லாது. 'கதிர் பொறுக்கு வழமை' என்று வைத்துப் பாருங்கள்.

வேளாண்மை (நெற்பயிர்) வெட்டி, உப்பட்டி (அரிந்த கதிர்க்குவியல்) சேர்த்து, சூடு (போர்) வைத்தபிறகு வயலில் பெண்கள் பொறுக்குவதை நாங்களும் கதிர் பொறுக்குதல் என்றே சொல்வோம். பொறுக்குதல் என்ற வினையில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

மதுரை, வழக்கறிஞர். செவ்வாய் இரவு

வழமை. இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் கேட்டதில்லை. என் வாக்கு இதற்கே.

புதுச்சேரி, பிரெஞ்சு ஆசிரியை. புதன் காலை

அனைவரும் கோதுமையையே பார்க்கிறீர்கள். பிரான்சில் இது ஒன்றல்ல. தரையில் விழுந்த கதிரை எடுப்பது 'கிளனாஜ்'. அறுவடைக்குப்பின் கொடியிலேயே தங்கிவிட்ட திராட்சையைப் பறிப்பது 'கிராப்பியாஜ்'. வெட்டிய புல்வெளியில் எஞ்சிய காய்ந்த புல்லை வாரியால் கூட்டிச் சேர்ப்பது 'ராத்லாஜ்'. மூன்றுக்கும் தனித்தனி வழக்கம், தனித்தனி எல்லை. இரண்டாம் ஹென்றியின் 1554 நவம்பர் ஆணை, கட்டுகள் அகன்றபின், பகல் வெளிச்சத்தில், ஏழைகள் பொறுக்கலாம் என்றது. பின்னாளில் வந்த தண்டனைச் சட்டம் காலியாகாத வயலிலும் சூரியன் எழுமுன்னும் விழுந்தபின்னும் பொறுக்குவதைக் குற்றமாக்கியது. ஆகவே குனிந்து எடுப்பதா எட்டிப் பறிப்பதா என்பது வெறும் சொல் நுணுக்கம் அல்ல. 'கதிர் பொறுக்கல்' என்று ஒரே சொல்லை வைத்தால் திராட்சைக்கு என்ன செய்வீர்கள்? கொடியில் கதிர் ஏது?

அம்மாவின் நூலில் மில்லே 1857-இல் தீட்டிய மூன்று பெண்களின் படம் கட்டாயம் இருக்கும். அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கத்தவள் ஒரு கையால் எடுக்கிறாள். எடுத்த கதிர்க்கற்றையை மற்றொரு கையில் பிடித்து, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறாள். வயிற்றுப்பக்கம் பிடித்தால் குனிய இடைஞ்சல். நாள்முழுதும் குனிந்தவளுக்கே அது தெரியும். நடுவில் இருப்பவளும் குனிந்திருக்கிறாள். மூன்றாமவள் பாதிதான் குனிந்திருக்கிறாள், இடுப்பு விடவில்லை. தொலைவில் மலைபோலப் போர், வண்டி, குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளன். இவர்கள் காலடியில் ஒன்றிரண்டு கதிர்கள்.

'எடுப்பு' என்ற சொல்லில் இந்த முதுகு இல்லை. 'பொறுக்கு' என்பதில் இருக்கிறது. யாரும் நிமிர்ந்து நின்று பொறுக்க முடியாது.

பாளையங்கோட்டை. புதன் காலை

திராட்சைக்கும் விடை அதே அதிகாரத்தில் இருக்கிறது அம்மா. அடுத்த வசனம்: 'உன் திராட்சத்தோட்டத்திலே பின் அறுப்பை அறுக்காமலும், அதிலே சிந்திக்கிடக்கிற பழங்களைப் பொறுக்காமலும்'. கொடியில் தங்கியதற்குப் பின் அறுப்பு, தரையில் விழுந்ததற்குப் பொறுக்கல். உங்கள் பிரெஞ்சுப் பாகுபாட்டில் முதல் இரண்டும் நமக்குக் கிடைத்துவிட்டன.

இந்த வசனங்களை நேற்றிரவு மறுபடி படித்தபோது ஒன்று உறைத்தது. யாருக்கு விட்டுவிடச் சொல்கிறது? எளியவனுக்கும் பரதேசிக்கும். அங்கே பரதேசி என்றால் அயலூரிலிருந்து வந்து தங்கியவன், அவ்வளவுதான். இன்று பரதேசி என்பது வசவு. பொறுக்குவதும் வசவு. ஒரே கட்டளையில் இருந்த இரண்டு சொற்களும், நிலம் இல்லாதவனையும் அவன் செய்த வேலையையும் குறித்த இரண்டு சொற்களும், நம் தெருவில் ஏச்சாகிவிட்டன. சொல் தானாக இழிவதில்லை. குதிரைமேல் இருந்தவன் பார்வையில் இழிந்தது. கும்பகோணத்து ஐயா, பின்வரிசைச் சிரிப்புக்கு அஞ்சி இந்தச் சொல்லைக் கைவிட்டால் அந்தப் பார்வையை நாமும் ஒப்புக்கொண்டதாகாதா?

கும்பகோணம். புதன் மாலை

ஆகாது. உங்கள் மடல் என்னைக் கலக்கியது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லை மீட்பது பெரியவர்களின் போராட்டம். அதன் சுமையை வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின்மேல் வைக்கக் கூடாது. என் வகுப்பில் உண்மையாகவே கதிர் பொறுக்கிய வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் சொல் வரும்போது மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பது அவர்களைத்தான். நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒரு பெண் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க மறுத்து நின்றாள். நான் காரணம் கேட்டு அதட்டினேன். காரணம் தெரிந்தபோது அவள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.

பின் அறுப்பும் எங்கள் டெல்டாவில் வேறு பொருள் தரும். அறுத்த தாளிலிருந்து மறுதாம்பு தழைத்து அதை அறுப்பதுதான் நினைவுக்கு வரும்.

'மிச்சில்' என்று ஒன்று இருக்கிறது. 'விருந்தோம்பி மிச்சில் மிசைவான் புலம்' என்று வள்ளுவர் ஆண்டது. மிச்சிற்கதிர், மிச்சிற்கனி, மிச்சிற்புல். மூன்றுக்கும் ஒரே வேர். பிரெஞ்சு அம்மாவுக்கும் நிறைவு.

திருவையாறு. புதன் இரவு

ஐயா, மிச்சில் உண்டு எஞ்சியது. எச்சிலுக்கு அண்டை வீடு. பொறுக்கலிலிருந்து தப்பி அங்கே போய் விழவேண்டாம். அந்தக் குறளிலும் விருந்தை முன் ஊட்டி மிஞ்சியதைத் தான் உண்பவன் நிலத்துக்காரன். இங்கே மிஞ்சியதை உண்பவர் நிலமற்றவர். முறை தலைகீழாகிறது.

உஞ்சத்தை நான் விட்டுவிட்டேன். பொறுக்கலுக்கே வருகிறேன். நல்ல விதையைப் 'பொறுக்கு விதை' என்கிறோம், தேர்ந்த முத்தைப் 'பொறுக்கி எடுத்த முத்து' என்கிறோம். அந்த வினை இன்னும் முழுவதும் கெடவில்லை.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர். வியாழன் காலை

கும்பகோணத்து ஐயா அந்த மாணவியைப் பற்றி எழுதியதை இரவு வெகுநேரம் யோசித்தேன். நூலிலிருந்து ஒரு செய்தியை இங்கே வைக்கிறேன், சொல் தேர்வுக்கு அது வேண்டும் என்று தோன்றுகிறது.

13, 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஊர்க்கட்டுப்பாடுகள் கதிர் பொறுக்குவதை எல்லா ஏழைக்கும் திறந்து வைக்கவில்லை. நாளுக்கு ஒரு பென்னியும் சோறும் பெற்று அறுக்கத் திராணி உள்ளவர் எவரும் பொறுக்கக் கூடாது. கையில் வலு இருந்தால் அறுக்கப் போ, பொறுக்கப் போகாதே. வலுவில்லாத கிழவர், சிறுவர், உடல் நலிந்தோர் ஆகியோருக்கே அந்த வயல். இரவில் தானியம் சுமந்து போகக் கூடாது என்றும் கட்டுப்பாடு. அறுவடைக் காலத்தில் கூலியாளுக்குத் தட்டுப்பாடு, அதனால் ஊர் தன் வேலையாளைக் காத்துக்கொண்டது. ஏழைக்கு இரக்கம், நிலத்துக்காரனுக்குக் கூலியாள். இரண்டும் ஒரே கட்டுப்பாட்டில். அப்புறம் ஊர் மாடுகளைத் தாளில் மேயவிட்டார்கள். கட்டு, கதிர், மாடு என்று வரிசை. நம் பக்கத்தில் அறுத்தபின் ஆட்டுக்கிடை போடுவதுபோல, பொறுக்குகிறவர்களுக்குக் கிடைத்தது இரண்டுக்கும் நடுவே சில நாள்.

ஆகவே என் முடிவை எழுதிவிடுகிறேன். செயல் 'கதிர் பொறுக்கல்'. இரண்டாம் வேற்றுமைத் தொகை, 'ப்' வராது, கும்பகோணத்து ஐயா மெய்ப்புப் பார்க்கும்போது மன்னிப்பாராக. வழக்கம் 'கதிர் பொறுக்கு வழமை'. திராட்சைக்குக் 'கொடிமிச்சம் பறித்தல்' என்று விரித்தே எழுதுகிறேன், ஓரிடத்தில்தான் வருகிறது. புல் வாருதல் அப்படியே. சேர்ந்த தானியத்துக்கு செஞ்சி ஆசிரியரின் 'தப்புக்கதிர்', வரும் முதல் இடத்தில் ஊர்ப்பெயரோடு விளக்கி. ஆளுக்கு மட்டும் பெயர்ச்சொல்லே வைக்கவில்லை. 'கதிர் பொறுக்கும் பெண்கள்', 'கதிர் பொறுக்கிய கிழவர்' என்று ஒவ்வோர் இடத்திலும் ஆளைச் சொல்லி எழுதுகிறேன். நாற்பது இடத்தில் பதினெட்டு இடம் அப்படி. சற்று நீள்கிறது. வகுப்பில் யாரையும் சுட்ட ஒரு சொல்லாக அது நிற்காது.

மதுரை, பாளையங்கோட்டை, மட்டக்களப்பு, திருவையாறு. வியாழன் பகல்

சம்மதம். (நான்கு மடல்கள், ஒரு வரி வீதம்.)

புதுச்சேரி. வியாழன் மாலை

நேரம் இல்லை என்பதால் சம்மதம். 'கொடிமிச்சம்' பற்றி அடுத்த பதிப்பில் பேசவேண்டும்.

கும்பகோணம். வியாழன் இரவு

ஆளுக்குப் பெயரில்லாமல் விட்டதற்கு நன்றி. செயலுக்கும் நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிந்துகதிர் எடுப்பு என்பதே என் சொல். 'பெறுக்கு' பற்றிய கட்டுரையை அடுத்த வாரம் தனி மடலாக அனுப்புவேன், 'காலா' அதில் இருக்கும்.

செஞ்சி வட்டம். வெள்ளி காலை

தப்புக்கதிரை ஏற்றதற்கு மகிழ்ச்சி. ஆனால் செயல் பொறுக்கல், பொருள் தப்பு என்று வேர் இரண்டாகிவிட்டதே. முதல் மடலில் ஒரே வேர் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் இப்போது அறுவடை இயந்திரம் ஓடுகிறது. அது சிந்துவது நெல்மணி, கதிர் அல்ல. அதைக் குனிந்து எடுக்க ஆளும் இல்லை. என் பள்ளியில் இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் 'தப்புக்காய்' என்று கேட்டபோது நான்கு கைதான் உயர்ந்தது.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர். வெள்ளி பிற்பகல்

கோப்பு போய்விட்டது. நன்றி.

ஒன்றை மட்டும் அனுப்பியபின் கவனித்தேன். ஆங்கிலேய ஊர்கள் பலவற்றில் காலையில் கோயில் மணி அடித்தபின்தான் வயலில் இறங்கலாம், மாலையில் மணி அடித்ததும் வெளியேறவேண்டும். குழந்தையோடு வரும் தாயும் வலுவுள்ளவளும் ஒரே நேரத்தில் தொடங்குவதற்கு அந்த ஏற்பாடு. அந்த மணிக்கு அவசரத்தில் 'பொறுக்கு மணி' என்று எழுதிவிட்டேன். பொறுக்கிய தானியமணி என்று படிப்பார்களே.

மட்டக்களப்பு. வெள்ளி மாலை

'இறங்கு மணி' என்று மாற்ற முடியுமா? வயலில் இறங்குவது என்பதுதானே.

கும்பகோணம். வெள்ளி மாலை

மாலை மணிக்கு?